அடிமை வைத்திருந்தது எப்பவும் பக்கத்து ஊர்க்காரன்தான்

1821 இல் யாழ்ப்பாணத்தில் பிறக்கப்போகும் பெண் குழந்தைகளுக்கு அரசாங்கம் ஒரு விலை போட்டது. தாய் கோவியர் சாதி அடிமை எண்டால் குழந்தைக்கு 3 றிக்ஸ் டொலர். தாய் நளவர் அல்லது பள்ளர் எண்டால் 2 றிக்ஸ் டொலர். றிக்ஸ் டொலர் என்பது ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போன காசு. சில வருடங்கள் கழித்து ஆங்கிலேயர் அதன் பெறுமதியை 1 சிலிங் 6 பென்ஸ் எண்டு நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு நளவக் குழந்தையின் விலை வெறும் 3 சிலிங்.

அரசாங்கம் இந்தக் குழந்தைகளை விலை கொடுத்து வாங்கியது விடுதலை செய்யத்தான். காசு தாயின் எசமானுக்குப் போகும், குழந்தை சுதந்திரப் பிரசையாக வளரும். ஏன் பெண் குழந்தை மட்டும்? யாழ்ப்பாணத்து வழக்கத்தில் அடிமைத்தனம் தாய் வழியாகப் போகும். தாய் யாருக்கு அடிமையோ பிள்ளையும் அவருக்கே. ஆகவே பெண் பிள்ளைகளை மட்டும் வாங்கி விட்டால், அவர்கள் பெறுகிற பிள்ளைகள் தானாகவே சுதந்திரம். ஆண்களுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, அவர்கள் செத்து முடியும்போது அடிமைமுறையும் முடிந்துவிடும். மனிதாபிமானத்தை இவ்வளவு சிக்கனமாகச் செய்யலாம் எண்டு கண்டுபிடித்த அதிகாரி கெட்டிக்காரன்தான்.

இப்படி 2 டொலருக்கு விடுதலையான ஒரு பெண், 1844 இல் இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டபோது 23 வயதுக்காரி. அவளுக்கு ஒரு வருடம் மூத்த அண்ணன் ஒருத்தன் இருந்திருந்தால், அந்த 23 வருடமும் அவன் அடிமை. ஒரே வீடு, ஒரே தாய்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கும்போது நமக்குச் சொல்லித் தரப்படுகிற கதை நேரானது. வடக்கு நல்லது, தெற்கு கெட்டது. வடக்கு அடிமைமுறையை எதிர்த்தது, தெற்கு ஆதரித்தது, 1861 இல் சண்டை, 1865 இல் விடுதலை. இதில் பொய் இல்லை. தெற்கு பிரிந்துபோனது அடிமைமுறையைக் காப்பாற்றத்தான். பிரியும்போது மிசிசிப்பி மாநிலம் வெளியிட்ட அறிக்கையே அதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது. ஆனால் வடக்கு எப்படி ‘நல்லதாக’ மாறியது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால்தான் யாழ்ப்பாணம், கொழும்பு, நம்மட கிழக்கு எல்லாம் ஒரே படத்துக்குள் வரும்.

வடக்கு மாநிலங்களிலும் அடிமைகள் இருந்தார்கள். பென்சில்வேனியா 1780 இலும், நியூயோர்க் 1799 இலும், நியூஜேர்சி 1804 இலும் சட்டம் போட்டன. மூன்றிலும் ஒரே உத்திதான்: இப்போது அடிமையாக இருப்பவர் அப்படியே இருக்கட்டும், இனிப் பிறக்கும் பிள்ளைகள் விடுதலை, அதுவும் எசமானுக்குப் பல வருடம் வேலை செய்து கொடுத்த பிறகு. 1821 யாழ்ப்பாணச் சட்டத்தின் அண்ணன்மார் இவை. வடக்கின் பண்ணைகள் சின்னவை, குளிர் அதிகம், துறைமுகமும் பட்டறையும்தான் வாழ்வு. அடிமை இல்லாமலும் அங்கே பொருளாதாரம் ஓடும். ஓடுகிற இடத்தில் மனச்சாட்சி பேசத் தொடங்கியது.

தெற்கில் மறுவளம் நடந்தது. 1793 இல் பருத்திக் கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. அதற்கு முன்னர் தெற்கின் பெரிய மனிதர்கள்கூட அடிமைமுறையை ‘ஒரு தீமைதான், என்ன செய்வது’ எண்டு பெருமூச்சோடு பேசினவர்கள். பருத்தி காசாகக் கொட்டத் தொடங்கியதும் பேச்சு மாறியது. 1837 இல் செனற்றர் ஜோன் கல்ஹூன் அடிமைமுறை தீமையே இல்லை, நேரடி நன்மை எண்டு செனற் சபையிலேயே வாதிட்டார். 1858 இல் ஜேம்ஸ் ஹென்றி ஹமண்ட் பருத்திதான் அரசன், அதோடு மோத உலகத்தில் யாருக்கும் துணிவு வராது எண்டார். 1860 இல் தெற்கில் அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் சனத்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

தெற்கும் ஒரே பாறையாக இருக்கவில்லை. டெலவெயர் ஒரு அடிமை மாநிலம், ஆனால் அங்கே 1860 இல் எஞ்சியிருந்த அடிமைகள் 1,800 பேருக்கும் குறைவு. அது பிரிந்து போகவே இல்லை. வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பக்கத்தில் பெருந்தோட்டம் கிடையாது. அந்தப் பக்கம் வர்ஜீனியாவிலிருந்தே பிரிந்து 1863 இல் மேற்கு வர்ஜீனியா எண்டு தனி மாநிலமானது. எந்த இடத்தில் எவ்வளவு அடிமைகள் எண்டு ஒரு வரைபடம் போட்டால், எந்த இடத்தில் எப்படிப்பட்ட நியாயம் பேசினார்கள் எண்டு பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

வடக்கின் கை சுத்தமா? மசசூசெற்ஸின் லோவெல் நகரத்து ஆலைகள் நெய்தது தெற்கின் அடிமைகள் பறித்த பருத்தியை. நியூயோர்க்கின் வங்கிகளும் கப்பல்காரரும் அதே பருத்தியில் கமிசன் எடுத்தார்கள். 1861 ஜனவரியில், தெற்கு மாநிலங்கள் பிரிந்துகொண்டிருக்கையில், நியூயோர்க் நகர மேயர் பெர்னாண்டோ வூட் தன் நகரமும் பிரிந்து தனியாக நிற்கலாம் எண்டு யோசனை சொன்னார். வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். மசசூசெற்ஸ்காரரான சார்ள்ஸ் சம்னர் 1848 இலேயே இதைச் சொல்லிக் காட்டினவர். சவுக்கின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் எண்டார். இருந்தாலும் பொஸ்ரன் வீட்டு வரவேற்பறையில் அடிமைமுறை என்பது ‘தெற்கின் பாவம்’. அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். தெற்கின்.

இனி இலங்கைக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பில் அடிமைகள் நிறையப் பேர். தென்னிந்தியாவிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். கொம்பனித்தெரு எண்டு நாம் சொல்கிற இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு எண்டுதான் பெயர் இருந்தது. ஒல்லாந்துக் கொம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. தமிழ்ப் பெயரில் கொம்பனி மட்டும் மிஞ்சியிருக்கிறது, அடிமை இல்லை.

ஆங்கிலேயர் வந்த பிறகு 1807 இல் அடிமை வியாபாரம் பிரித்தானியச் சட்டத்தால் தடை. புது ஆட்கள் வர வழியில்லை. கொழும்பு, காலி வீடுகளில் இருந்த அடிமைகள் பெரும்பாலும் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் பல்லக்குத் தூக்கவும். அந்தஸ்துக்குத்தான் அவர்கள், தோட்டத்து வருமானத்துக்கு இல்லை. பிரதம நீதியரசர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் இந்த வீட்டு எசமானர்களிடம் பேசினார். 1811 இல் அறிமுகமான ஜூரி முறையில் ஜூரர்களாக உட்காரும் கௌரவம் கிடைத்தவர்களில் பலர் இவர்கள். 1816 ஓகஸ்ட் 12, இங்கிலாந்து இளவரசரின் பிறந்த நாள். அன்று முதல் தங்கள் அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரம் எண்டு அவர்கள் சம்மதித்தார்கள். ஜோன்ஸ்டனுக்கு இங்கிலாந்தில் நல்ல பெயர். எசமானர்களுக்கும் நல்ல பெயர். இழந்தது அதிகமில்லை.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு. அங்கே அடிமைமுறை வீட்டுக்குள் இல்லை, மண்ணில் இருந்தது. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க ஆள் வேணும். கிணறு ஆழம், மண் காயும், ஒரு நாள் தவறினாலும் கன்று வாடும். அந்தப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது, குடாநாட்டின் பெரிய ஏற்றுமதியே அதுதான். பனை ஏற ஆள் வேணும். வேலி அடைக்க, வீடு வேய, கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஆள் வேணும். 1707 இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எண்டு சாதிப் பெயரிலேயே அடிமைகளை எழுதி வைத்திருக்கிறது. அதைத் தமிழ் முதலியார்கள் 12 பேர் பார்த்துச் சரி எண்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் அது நிலைத்தது. ஆங்கிலேயர் 1806 இல் அதே தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இன்றைக்குக் காணி, சீதனம் எண்டு சட்டபீடத்தில் படிக்கிற அதே தேசவழமைதான்.

ஒரு விசயம் வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. ஒரே அடிமை பல பேருக்குப் பங்காகச் சொந்தமாக இருக்கலாம். காணி பிரிக்கிற மாதிரி, தகப்பன் செத்தால் பிள்ளைகளுக்கு ஆளிலும் பங்கு பிரியும். ஒரு மனிதன் அரைப் பங்கு, கால் பங்கு. 1818 இல்தான் இந்தக் கூட்டு உரிமையை ஒழித்து, அடிமைகளைப் பதிவு செய்ய வேணும் எண்டு சட்டம் வந்தது. பதிவேட்டில் 15,000 பேருக்கு மேல். பதிவு என்பது இரு பக்கமும் வெட்டுகிற கத்தி. பதியாதவனை அடிமை எண்டு சொல்ல முடியாது, ஆனால் பதிந்தவனுக்கு அது எசமானின் உறுதி. காசு கட்டித் தன்னை மீட்டவர்களும் உண்டு, நீதிமன்றப் படி ஏறி எசமானோடு வழக்காடியவர்களும் உண்டு. இந்த வழக்குகளைத் தேடி வாசிக்க விரும்புகிறவர்கள் வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க 2020 இல் எழுதிய புத்தகத்தைப் பாருங்கள். பல்லக்கில் போகும் அடிமை எண்டு அர்த்தம் வருகிற தலைப்பு. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. யாராவது தமிழில் போட்டால் பெரிய உபகாரம்.

ஆக, கொழும்புக் கனவானிடம் கேட்டு வாங்கியதை யாழ்ப்பாணத்து வெள்ளாளரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கொழும்பான் நல்லவன், யாழ்ப்பாணத்தான் கெட்டவன் எண்டா அர்த்தம்? நியூயோர்க்குக்கும் தென் கரோலினாவுக்கும் இருந்த வித்தியாசம்தான். ஒருத்தனுக்கு அடிமை ஒரு செலவு, மற்றவனுக்கு அது அடுத்த போகத்து விளைச்சல்.

இதில் ஒரு விசித்திரமான சந்திப்பும் நடக்கிறது. அதே 1816 இல்தான் அமெரிக்க மிசனரிகள் யாழ்ப்பாணம் வந்து இறங்குகிறார்கள். டானியல் பூவரும் மற்றவர்களும் தெல்லிப்பழையில் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை எண்டு வளர்த்தார்கள். அவர்களை அனுப்பிய சபையின் தலைமையகம் பொஸ்ரன். மசசூசெற்ஸ் நீதிமன்றங்கள் 1780 களிலேயே அடிமைமுறையைச் செல்லாது எண்டு முடித்துவிட்டன. அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் வட்டுக்கோட்டையில் வானியலும் கணிதமும் கற்பித்தது பெரும்பாலும் யாருடைய பிள்ளைகளுக்கு? அடிமை வைத்திருந்த சாதியின் பிள்ளைகளுக்கு. வேறு பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தினால் இவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்ற பயம் மிசன் பாடசாலைகளுக்கு நெடுகவும் இருந்தது. சொந்த நாட்டிலும் அதே சபைக்கு அதே தடுமாற்றம். செரோக்கி, சொக்டோ பழங்குடிகளிடையே அவர்கள் நடத்திய சபைகளில் அடிமை வைத்திருந்த அங்கத்தவர்கள் இருந்தார்கள். 1845 இல் அவர்களை விலக்க வேணுமா எண்டு சண்டை. முறை பிழைதான், ஆனால் வைத்திருக்கிற ஆளை அதற்காக மட்டும் விலக்க முடியாது எண்டு சபை நழுவியது. பொறுக்க முடியாதவர்கள் பிரிந்து 1846 இல் வேறொரு மிசன் சங்கம் தொடங்கினார்கள். மிசனரிகளைத் திட்ட இதை எழுதவில்லை, அவர்கள் தந்த படிப்பு இல்லாவிட்டால் நம்மட வரலாறே வேறாக இருந்திருக்கும். ஆனால் நன்கொடை தருகிறவனையும் பிள்ளை அனுப்புகிறவனையும் பகைக்காமல் அறம் பேசுவது எவ்வளவு கஷ்டம் எண்டு அவர்களைப் பார்த்தால் விளங்குது.

1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பேரரசு முழுக்க அடிமைமுறையை ஒழித்தபோது எசமானர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. அந்தச் சட்டத்திலிருந்து இலங்கை விலக்கப்பட்டது, கிழக்கிந்தியக் கொம்பனியின் இந்தியாவும்தான். இந்தியாவில் 1843, இலங்கையில் 1844 இன் 20 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதோடு முடிந்தது. அமெரிக்காவில் 6 லட்சத்துக்கு மேல் ஆட்கள் செத்து முடித்ததை, இங்கே ஆளுநர் ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

யுத்தம் வராதது நல்லதுதான், யார் இல்லை எண்டது? ஆனால் யுத்தம் மட்டுமில்லை, விவாதமும் வரவில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி எண்டு வெவ்வேறு விதமாக அடிமை வைத்திருந்த பகுதிகள் தங்களுக்குள் ஒரு சபையில் இருந்து இது சரியா பிழையா எண்டு மோதவே இல்லை. எல்லாருக்கும் மேலே வெள்ளைக்காரன் இருந்தான், அவன் பகுதிக்குப் பகுதி வேறு சட்டம் எழுதினான், பிறகு ஒரே சட்டம் எழுதினான். வெளியிலிருந்து வந்த விடுதலைக்கு உள்ளுக்குள் சொந்தக்காரர் இல்லை. 1844 க்குப் பிறகு அடிமை என்ற சொல் போனது, குடிமை என்ற சொல் நின்றது. காணி எசமானுடையது, கிணறு எசமானுடையது, கோயில் எசமானுடையது. 1929 இல் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் எண்டு உத்தரவு வந்தபோது பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியரும் முன்னாள் மந்திரியுமான சி. சுந்தரலிங்கம், உள்ளே வரவிடமாட்டேன் எண்டு நின்றார். அடிமை ஒழிந்து 124 வருடம். வட்டுக்கோட்டையில் நடக்காத விவாதம் மாவிட்டபுரத்து வாசலில் கைகலப்பாக நடந்தது.

இந்த இடத்தில் கிழக்கில் இருந்து வாசிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் எண்டு எனக்குத் தெரியும். நானும் வீரமுனைதான். ‘இதெல்லாம் யாழ்ப்பாணத்தான்ட விசயம், நம்மட பக்கம் சாதி கீதி ஒண்டும் இல்ல.’ பெரிய ஆக்களும் சொல்வாங்க, கம்பசில் நம்மட வயசுப் பொடியனுகளும் சொல்வானுகள். யாழ்ப்பாணத்து நண்பர்களோடு வாக்குவாதம் வந்தால் முதலில் எடுத்து வீசுகிற கல் இதுதான். பொஸ்ரன்காரன் தெற்கைப் பார்த்து விரல் நீட்டியது எனக்கு இந்த வசனத்தைக் கேட்கிற நேரமெல்லாம் ஞாபகம் வருது.

உண்மையில் ஒரு பாதி இருக்கு. 1821 சட்டம் யாழ்ப்பாணத்துக்குத்தான் எழுதப்பட்டது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் காணி பரந்து கிடந்தது, ஆட்கள்தான் குறைவு. தோட்டம் இல்லை, பெரும்போக வயல். வயல் வேலை வருடம் முழுக்க இல்லை, விதைப்பும் வெட்டும்தான் நெருக்கடி. அதனால் துலாவோடு கட்டிய அடிமை மாதிரி ஒரு முறை இங்கே அதே அளவில் வளரவில்லை. இங்கே இருந்தது போடியாரும் முல்லைக்காரனும். போடியார் வயலையும் விதைநெல்லையும் சாப்பாட்டுச் செலவையும் முற்பணமாகக் கொடுப்பார், முல்லைக்காரன் ஆட்களைச் சேர்த்து விளைவிப்பான், சூடடித்ததும் களத்திலேயே கணக்குத் தீர்க்கப்படும். கடன் மிஞ்சினால் அடுத்த போகமும் அதே போடியார். போடியார் தமிழராகவும் இருந்தார், முஸ்லிமாகவும் இருந்தார். களத்தில் நெல் அளந்தவன் யார், அளந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன் யார் எண்டு கேட்டால் சம்மாந்துறைக்கும் கல்முனைக்கும் வீரமுனைக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்.

மற்றப் பாதி நாம் பேசாதது. மட்டக்களப்பு மான்மியம் மாதிரியான நம்மட பழைய மரபு நூல்களில் ‘சிறை’ என்ற சொல் வரும். அது கட்டிடத்தைச் சொல்லவில்லை. ஊழியத்துக்குக் கட்டுப்பட்ட குடிகளைத்தான் சிறைகள், சிறைக்குடிகள் எண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அடிமைக்குத் தனி எசமான் இருந்தார். இங்கே வண்ணாரும் அம்பட்டரும் பறையரும் பெரும்பாலும் ஊருக்கும் கோயிலுக்கும் கட்டுப்பட்டவர்கள். விற்க முடியாது, பங்கு பிரிக்க முடியாது, பதிவேட்டிலும் வராது. பதிவேட்டில் வராததால்தான் ‘இங்க இல்ல’ எண்டு சொல்வது நமக்கு லேசு. முஸ்லிம் ஊர்களில் சாதி என்ற சொல்லே கிடையாது, மார்க்கமும் அதை ஏற்காது. ஆனாலும் ஒஸ்தா குடும்பங்களில் பெண் எடுக்கத் தயங்கிய காலத்தை வயசான ஆக்களிடம் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வாங்க.

யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பற்றி எழுதுவது ஒரு வகையில் சுகம். சட்டம் இருக்கு, ஆண்டு இருக்கு, விலைகூட இருக்கு: மூன்று டொலர், இரண்டு டொலர். கிழக்கைப் பற்றி எழுத ஆவணக் காப்பகம் பெரிதாகக் கைகொடுக்காது. கையில் இருப்பது வேறு வகையான பட்டியல். கிழக்கில் ஒரு பழைய கோயிலின் சடங்குக் காலத்தில் போய் நின்றால், முதல் காளாஞ்சி எந்தக் குடிக்கு, அடுத்தது எந்தக் குடிக்கு எண்டு ஒரு ஒழுங்கு இருக்கும். அதை எல்லாரும் வாய்ப்பாடமாகச் சொல்வாங்க, அதற்காக வழக்குப் பேசின கதைகளும் சொல்வாங்க. வெள்ளை கட்டுகிற வீடு எது, பறை அடிக்கிற வீடு எது எண்டும் அதே ஒழுங்கில் இருக்கு. அந்த வீட்டுக்காரர் எப்போதிருந்து, யார் சொல்லி இதைச் செய்கிறார்கள், ஒரு வருடம் வராமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கொப்பியும் பேனையும் போதும். சடங்குக் காலம் வைகாசியில் தொடங்குது.